பெஞ்சுக் காலில் போட்ட கட்டு

சேசு மரி சூசை துணை

ஆரோக்கியபுரம்,
பாலக்கோடு வழி.
9-3-1986

பிரியமுள்ள தம்பி அருள்நாதனுக்கு அக்கா ஞானமேரி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

சர்வேசுரன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் மச்சானும் ராஜியும் சுகம். உன் சுகத்துக்குப் பூசையில் வேண்டிக்கொள்கிறேன். அந்தப் பனியில் காதை மூடாமல் திரியாதே. நான் பின்னி அனுப்பிய குல்லாவை எந்த ஆபீசருக்காவது தானம் கொடுத்துவிடவில்லையே? மச்சான் இந்த வருஷமும் தக்காளிதான் நட்டிருக்கிறார். சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

இந்தக் கடுதாசிக்குக் காரணம் உன் மருமகள் ராஜமேரி. எட்டாவது போனதும் பள்ளிக்கூடத்தில் சாரணியர் படையில் சேர்ந்தாலும் சேர்ந்தாள், வீடு வீடாக இல்லை. நீலச் சட்டை, கழுத்தில் ஸ்கார்ஃப், தண்ணீர் கேட்டால்கூட சல்யூட். சட்டைக் கையில் பேட்ஜ் பேட்ஜாகத் தைத்துக்கொள்ள வேண்டுமாம். ஒவ்வொரு பேட்ஜுக்கும் அந்த வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்து, சோதித்துப் பார்த்து, தாளில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே கையெழுத்துப் போட வேண்டும். டீச்சர் போட்டால் செல்லாது. தையல் பேட்ஜுக்கு டெய்லர் மாயவன் போட்டார். சமையல் பேட்ஜுக்குச் சத்துணவுக் கூடத்துக் கோவிந்தம்மாள். அவள் லேசுப்பட்டவளா? ராஜி கிண்டிய உப்புமாவை வாயில் போட்டுப் பார்த்து, "உப்பு தூக்கலா இருக்குது, அடுத்த வாரம் வா கண்ணு" என்று ரெண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டாள். மூன்றாம் தடவைதான் கையெழுத்து விழுந்தது.

இப்போது முதலுதவி பேட்ஜ் பாக்கி. அது இருந்தால்தான் கவர்னர் விருதுக்குப் போக முடியுமாம். பட்டாளத்தில் நர்சிங் வேலை பார்க்கிற மாமா இருக்கிறார் என்று ராஜி சொன்னதும் தீர்த்தம்மாள் டீச்சர், "அவரே போதும், அவர் கையெழுத்துக்கு மேல கேள்வியே இல்ல" என்று சொல்லிவிட்டாராம். அதனால் உனக்கு லீவு எப்போது என்று உடனே எழுது.

ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் கடுதாசி எழுதிக் கொடுக்கிறேன். எல்லாருக்கும் பதில் வருகிறது. எனக்குத்தான் மாதக்கணக்காகிறது.

உன் வரவை எதிர்பார்க்கும் அக்கா,
ஞானமேரி

*

56 ஏ.பி.ஓ. வழி
2-4-1986

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி அருள்நாதன் தோத்திரம்.

நான் சுகம். குல்லா என் தலையில்தான் இருக்கிறது. குளிக்கும்போது மட்டும் கழற்றுகிறேன். குளிப்பது எப்போது என்று கேட்காதே. மச்சானுக்கு என் தோத்திரம். தக்காளியை விட்டுக் கரும்புக்கு மாறச் சொல். நான் சொன்னால் மட்டும் கேட்கவா போகிறார்!

மே முதல் வாரம் வருகிறேன். நாற்பது நாள் லீவு. ராஜியிடம் சொல்லிவை, இந்த மாமா கோவிந்தம்மாளைவிடக் கறார். இங்கே ஆறடி ஜவான்களே என் ஊசியைப் பார்த்தால் மாதாவைக் கூப்பிடுகிறார்கள். அவளுக்கு அழுகை வந்தால் நான் பொறுப்பில்லை. அந்தத் தாளை மட்டும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்.

ஊர்ச் சோறு தின்று ஒரு வருஷமாகிறது. களியும் கருவாட்டுக் குழம்பும் தயாராக இருக்கட்டும்.

உன் பிரியமுள்ள தம்பி,
அருள்நாதன்

*

56 ஏ.பி.ஓ. வழி
28-6-1986

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும் அருள்நாதன் தோத்திரம் சொல்லி எழுதுவது.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த புளிச்சோறு ஜோலார்பேட்டையிலேயே தீர்ந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரன் வாசனைக்கே பாதி தின்றுவிட்டான். உடம்பு நன்றாக இருக்கிறது. ஊர் ஞாபகம்தான் மூக்கில் நிற்கிறது.

ராஜியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் யூனிட்டில் புதிதாக வருகிற பையன்களைவிட உன் மகள் கெட்டிக்காரி. காயம், தீப்புண், எலும்பு முறிவு, பாம்புக்கடி எல்லாவற்றுக்கும் கட்டு கேட்டால் கேட்ட மாத்திரத்தில் போடுகிறாள். பாவம், உங்கள் வீட்டுப் பெஞ்சுதான் நோயாளி. அதன் நாலு காலிலும் எத்தனை கட்டு! நல்ல நோயாளி அது, முனகுவதே இல்லை. பாம்புக்கடிக்கு ஸ்கார்ஃபைச் சுற்றிக் குச்சி செருகி அவள் முறுக்கிய முறுக்கில் பெஞ்சுக் காலே கன்றிப்போயிருக்கும். "நோயாளி அழுவான், கெஞ்சுவான், திட்டுவான், முதலுதவிக்காரி இரங்கக் கூடாது, டாக்டர் பார்க்கும்வரை கட்டில் கை வைக்க விடாதே" என்று சொல்லியிருக்கிறேன். அதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துவிட்டாள்.

ஒரே ஒரு பாடம் பாக்கி நின்றது. அதை ஒகேனக்கலில் மீன் வறுவலோடு சேர்த்துத் தின்றுவிட்டோம். அன்றைக்கு மச்சான் பரிசலில் உட்கார்ந்து முகம் வெளுத்ததைப் பார்த்தபிறகு பாடம் யாருக்கு வேண்டும்! டீச்சருக்கும் தாள் அவசரம். அதனால் கிளம்பும் அன்று தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் டிரங்குப் பெட்டி மேல் தாளை வைத்து ஐந்து வரிக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். டிரைவர் ஹாரன் அடிக்கிறான், ராஜி சல்யூட் அடிக்கிறாள். ஐந்தாவது கையெழுத்து கொஞ்சம் கோணல்தான்.

பேட்ஜ் வந்ததும் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
அருள்நாதன்

*

சேசு மரி சூசை துணை

ஆரோக்கியபுரம்,
17-8-1986

பிரியமுள்ள தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

இங்கே அனைவரும் சுகம். மழை இன்னும் சரியாக இறங்கவில்லை. நீ இளைத்திருக்கிறாயா, பெருத்திருக்கிறாயா? உண்மையை எழுது.

பேட்ஜ் வந்துவிட்டது! சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் டீச்சர் கொடுத்தாராம். ராஜி ஓடி வந்து, அப்போதே தைத்துக் கொடுத்தால்தான் சோறு என்றாள். மாயவன் கடைக்குப் போகலாம் என்றால், "வேண்டாம்மா, நீயே தை" என்று பிடிவாதம். வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பொடித் தையலாகப் போட்டேன். பிய்ந்து வருமா என்று மச்சான் இழுத்துப் பார்த்தார். என் தையல் வருமா?

தைக்கும்போது ஊசி விரலில் ஏறி ஒரு சொட்டு இரத்தம் வந்தது. அவ்வளவுதான், உன் சிஷ்யைக்குக் கொண்டாட்டம். என் கை முழுக்கத் துணியைச் சுற்றிவிட்டாள். வலிக்குதுடி, அவுத்து விடு என்றால், "ஊஹும். மாமா சொல்லியிருக்காரு, நோயாளி பேச்சக் கேக்கக் கூடாது" என்கிறாள். அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து நானே திருட்டுத்தனமாக அவிழ்த்துவிட்டுக் களி கிண்டினேன். வந்து பார்த்துவிட்டுத் துணியைப் பிடுங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

கொடியேற்றத்தில் முன் வரிசையில் நடந்தாள். பக்கத்துக் காட்டுப் பெரியண்ணன் பார்த்துவிட்டு வந்து, "உங்க புள்ள நடந்ததப் பாத்தா கலெக்டரே எந்திரிச்சு நிப்பாரு" என்றார். எல்லாம் உன் புண்ணியம், தம்பி.

அன்புள்ள அக்கா,
ஞானமேரி

*

ஆரோக்கியபுரம்,
9-11-1986

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமா அவர்களுக்கு ராஜமேரி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். தாங்கள் நலமா?

அம்மா எழுதவில்லையே என்று நினைக்காதீர்கள். அம்மா தர்மபுரி ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். பயப்பட வேண்டாம். நான் அம்மாவைக் காப்பாற்றிவிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து காட்டில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தோம். அம்மா மடையைத் திறக்கப் புல்லுக்குள் கைவிட்டார்கள். பாம்பு மணிக்கட்டில் கடித்துவிட்டது. எல்லாரும் கத்தினார்கள், நான் கத்தவில்லை. ஸ்கார்ஃபை எடுத்து முழங்கைக்கு மேலே சுற்றி, தக்காளிச் செடிக்கு நட்ட குச்சியைப் பிடுங்கிச் செருகி முறுக்கினேன். அப்போது மணி பத்து. அப்பா பாம்பை அடித்து உரச்சாக்கில் போட்டுக்கொண்டார்.

பெரியண்ணன் சித்தப்பா டிராக்டரில் போனோம். மலையில் மழை பெய்து தரைப்பாலத்துக்கு மேலே வெள்ளம் ஓடியது. தண்ணீர் வடியும்வரை இந்தப் பக்கமே நின்றோம். அம்மா, "ராஜி, கை வெடிக்கிற மாதிரி இருக்குது, கொஞ்சம் அவுத்து விடு கண்ணு" என்று கெஞ்சினார்கள். அப்பாவும் அவிழ்க்க வந்தார். "அவுத்தா விஷம் நெஞ்சுக்கு ஏறிரும்ப்பா" என்று நான் குச்சியைப் பிடித்துக்கொண்டேன். அம்மா என்னைத் திட்டினார்கள். நீங்கள் சொன்னது போலவே நடந்தது, மாமா. நான் இரங்கவில்லை. அப்புறம் அம்மா கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கையில் வலியே இல்லை என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. நாலு மணிக்கு ஆஸ்பத்திரி சேர்ந்தோம்.

அம்மா பிழைத்துவிட்டார்கள் என்று அப்பா சொன்னார். என்னை இன்னும் பார்க்க அழைத்துப் போகவில்லை. நான் பெரியண்ணன் சித்தப்பா வீட்டில் இருக்கிறேன். நாகப்பாம்பு என்று ஊரில் சொல்கிறார்கள். பிப்ரவரி மாதம் சாரணர் நாள் விழாவில் எனக்கு வீரச் சான்றிதழ் கொடுக்க டீச்சர் எழுதப் போகிறார். மற்ற சாரணியருக்கு நானே கட்டு சொல்லித் தருகிறேன். மொத்தம் முப்பது பேர். பெஞ்சுக் காலில்தான் பழகுகிறோம். நோயாளி என்ன சொன்னாலும் அவிழ்க்கக் கூடாது என்று எல்லாரையும் மனப்பாடம் செய்ய வைத்துவிட்டேன்.

தங்கள் அன்பு மருமகள்,
ராஜமேரி

*

56 ஏ.பி.ஓ. வழி
24-11-1986

அன்புள்ள மச்சானுக்கு,

அருள்நாதன் எழுதுவது. ராஜியின் கடிதம் கிடைத்தது. வார்டில் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துச் சத்தமாகப் படித்தேன். பாதிவரை படித்தேன். அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

மச்சான், பத்து மணிக்குக் கட்டியது, நாலு மணிவரை அப்படியேதான் இருந்ததா? நடுவில் ஒரு தடவையாவது யாராவது தளர்த்தினீர்களா? ஆஸ்பத்திரியில் அவிழ்த்தபோது அக்காவின் விரல் என்ன நிறத்தில் இருந்தது? இப்போது விரலை அசைக்கிறாளா? டாக்டர் என்ன சொன்னார்? பாம்பைப் பார்த்தாரா?

அக்கா எழுதாமல் இருக்கமாட்டாள். காய்ச்சலில் கிடந்தாலும் எழுதுகிறவள். அவள் கையால் ஒரு வரி போடச் சொல்லுங்கள். ஒரே ஒரு வரி.

இந்தக் கடிதத்தை ராஜியிடம் காட்ட வேண்டாம். லீவு கேட்டிருக்கிறேன். ரோட்டைப் பனி மூடிவிட்டது, மார்ச்சுக்கு முன் யாரையும் விடமாட்டேன் என்கிறார்கள்.

அருள்நாதன்

*

ஆரோக்கியபுரம்,
14-12-1986

மாப்பிள்ளை அருள்நாதனுக்கு சின்னப்பராஜ் எழுதுவது.

நான் கடுதாசி எழுதிப் பழக்கமில்லாதவன். இந்த வீட்டில் எழுதுகிறவள் உன் அக்காதான். அதனால்தான் இத்தனை நாள் தாமதம்.

உன் அக்காவுக்கு வலது கை இல்லை. முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். எடுக்காவிட்டால் உயிரே போயிருக்கும் என்றார்கள். நவம்பர் கடைசியில் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இப்போது காய்ச்சல் இல்லை. ரெண்டு வேளை கஞ்சி குடிக்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில். ஆறு மணி நேரமும் யாரும் தளர்த்தவில்லை. நான் தளர்த்தப் போனேன், புள்ளை விடவில்லை. பட்டாளத்து மாமா சொன்னதென்று சொன்னாள். நான் கையை எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் அவிழ்த்தபோது கை கறுத்து மரக்கட்டையாக இருந்தது.

பாம்பைப் பார்த்தாரா என்று கேட்டாய். சாக்கை அவிழ்த்துக் காட்டினேன். டாக்டர் குச்சியால் புரட்டிப் பார்த்தார். என்னை வெளியே கூட்டிப்போய், "ஏம்ப்பா, இது தண்ணிப்பாம்பு. இதுக்கு விஷமே கிடையாது. சோப்பு போட்டுக் கழுவியிருந்தா போதும். இந்தக் கட்ட யாரு போட்டது?" என்று கேட்டார். நானும் காட்டுக்காரன், தண்ணிப்பாம்பு பார்க்காதவனா? அன்றைக்கு இருந்த பதற்றத்தில் கண்ணுக்கு எல்லாம் நாகமாகத்தான் தெரிந்தது. அடித்துச் சிதைத்துவிட்டுத்தான் சாக்கில் போட்டேன்.

விஷம் கையைத் தின்றுவிட்டது, நீ கட்டியதால் உயிர் தப்பியது என்று ராஜியிடம் சொல்லியிருக்கிறோம். ஊருக்கும் அப்படித்தான். தெரிந்தது நானும் உன் அக்காவும் டாக்டரும் மட்டும். இப்போது நீ.

ராஜிதான் அம்மாவுக்குத் தலை வாருகிறாள், ஊட்டிவிடுகிறாள். சிரித்துக்கொண்டே செய்கிறாள். எனக்கு அந்தப் புள்ளை முகத்தைப் பார்க்க முடியவில்லை மாப்பிள்ளை. பெற்ற புள்ளையைப் பற்றி இப்படி எழுதுகிறேனே என்று இருக்கிறது.

நீ என்னதான் சொல்லிக்கொடுத்தாய்?

சின்னப்பராஜ்

*

56 ஏ.பி.ஓ. வழி
2-1-1987

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

சுகம் விசாரித்து எழுத எனக்கு முகமில்லை. மச்சான் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

அந்தத் தாளில் ஐந்து வரி. ஐந்தாவது வரி, கட்டிய கட்டைக் கவனித்தல், குறித்த நேரத்தில் தளர்த்துதல். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கட்டைத் தளர்த்தி, கையில் இரத்தம் ஓடவிட்டு, மறுபடி கட்ட வேண்டும் என்பது எங்கள் புத்தகத்தில் இருக்கிற பாடம். அதைத்தான் நான் ராஜிக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றைக்குத்தான் ஒகேனக்கல் போனோம். "அவிழ்க்காதே, இரங்காதே" என்றது எலும்பு முறிவுக் கட்டுக்கு. பாம்புக் கட்டுக்கு அது பொருந்தாது என்று பிரித்துச் சொல்லவில்லை. பெஞ்சுக் காலில் பழக்கினேன். பெஞ்சுக் கால் நீலமாகுமா, மரத்துப்போகுமா? அதைப் பார்த்து அவள் என்ன கற்றுக்கொள்வாள்?

சொல்லிக்கொடுக்காத பாடத்துக்கு, சோதித்துப் பார்க்காத பாடத்துக்கு, டிரங்குப் பெட்டி மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். உப்பு கூடியதற்குக் கோவிந்தம்மாள் ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாள். அவளுக்கு இருந்த நேர்மை எனக்கு இல்லாமல் போயிற்று, அக்கா. உன் கையை எடுத்தது நான்.

இன்னொன்று. தீர்த்தம்மாள் டீச்சர் கடிதம் போட்டிருக்கிறார். ராஜிக்குப் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில் வீரச் சான்றிதழுக்கு நான் சிபாரிசு எழுத வேண்டுமாம். அதைக்கூட எப்படியாவது தட்டிக்கழிப்பேன். அந்த முப்பது பிள்ளைகளைத்தான் அப்படி விட முடியாது. ராஜி அவர்களுக்கு இதே கட்டைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இதே வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறாள். பாலக்கோட்டைச் சுற்றி எத்தனை காடு, எத்தனை மடை, எத்தனை தண்ணிப்பாம்பு!

ராஜியிடம் உண்மையைச் சொல்ல அனுமதி கொடு. அவளாகவே போய் நிறுத்தினால்தான் அந்தப் பிள்ளைகள் நம்பும். காலில் விழுந்து கேட்கிறேன்.

அருள்நாதன்

*

ஆரோக்கியபுரம்,
16-1-1987

மாப்பிள்ளைக்கு,

உன் கடுதாசியை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கை போனது போனதுதான். இனி எம் புள்ள மனசும் போவணுமா? பதிமூணு வயசுப் புள்ள, 'அம்மா கையை நான்தான் எடுத்தேன்'னு தெரிஞ்சா என்ன பண்ணுவா? கிணறு இல்லாத ஊரா இது? தெனம் எனக்கு ஊட்டிவிடுற புள்ள அவ. முப்பது புள்ளைங்களுக்கு வேற ஏதாச்சும் சாக்கு சொல்லு. புத்தகம் மாறிப்போச்சுன்னு டீச்சருக்கு எழுது. எம் புள்ளகிட்ட மட்டும் ஒரு வார்த்த போவக் கூடாது. போச்சுன்னா, எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல."

இது அவள் சொன்னது.

சின்னப்பராஜ்

*

தீர்த்தம்மாள் டீச்சர் பார்வைக்கு; படித்தபின் ராஜமேரியிடம் கொடுக்கவும்

56 ஏ.பி.ஓ. வழி
30-1-1987

அன்புள்ள ராஜிக்கு மாமா எழுதுவது.

இந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்று உன் அம்மா சொல்லிவிட்டார். கேட்காமல் எழுதுகிறேன். வேறு சாக்கு ஒன்று சொல்லி டீச்சருக்கு எழுதிப் பார்த்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். சாக்கை யார் நம்புவார்கள்? ஒரு சாரணி தன் அம்மாவைக் காப்பாற்றியதாக நம்புகிறவர்கள், புத்தகம் மாறிவிட்டது என்றால் விடுவார்களா?

உட்கார்ந்து படி. உன் அம்மாவைக் கடித்தது தண்ணிப்பாம்பு. விஷம் இல்லாதது. கை போனது கட்டினால். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தளர்த்த வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டேன். நீ நான் சொன்னதைச் சொன்னபடி செய்தாய். ஒரு சிஷ்யை அதைத்தான் செய்ய முடியும். தப்பு என்னுடையது. இதை எத்தனை தடவை எழுதினாலும் நீ நம்பமாட்டாய் என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் மேஜர் டாக்டரைக் கேட்டேன். அவர் இன்னும் ஒரு படி மேலே போய், பாம்புக்கடிக்கு இப்படி முறுக்கிக் கட்டவே வேண்டாம் என்கிறார். கடிபட்ட கையை ஆட்டாமல் அசைக்காமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வழியாம். நான் படித்ததே பழைய பாடம். உனக்குக் கொடுத்தது அதிலும் பாதி.

முப்பது பேர் அந்தப் பாதியை வைத்துக்கொண்டிருக்கிறார்கள், ராஜி. அதனால்தான் எழுதினேன்.

என்னைத் திட்டி ஒரு கடிதம் போடு. அம்மாவை விட்டு எங்கேயும் போகாதே.

மாமா

*

சேசு மரி சூசை துணை

ஆரோக்கியபுரம்,
22-3-1987

அருள்நாதனுக்கு,

இது என் இடது கை. இந்தக் கடுதாசியை எழுத ஆறு நாள் ஆயிற்று. எழுத்துக் கோணலைப் பார்த்துச் சிரிக்காதே.

டீச்சர் கொடுத்ததை ராஜி பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறாள். பஸ் ஏறாமல் நடந்தே வந்தாள். என் முன்னால் நின்று, "அம்மா, நீ அவுத்து விடச் சொன்னியே" என்றாள். அவ்வளவுதான். மூன்று நாள் சோறு இல்லை. மச்சான் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருந்தார். நான் உன்னைச் சபித்தேன். மாதா கோயிலில் நின்றுகொண்டே சபித்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன், உன்னிடமும் சொல்லிவிடுகிறேன்.

நாலாம் நாள் அவளே எழுந்து தலை வாரிக்கொண்டாள். "முப்பது பேர் இருக்காங்கம்மா. அவங்க வூட்டுல தம்பி தங்கச்சிக்கெல்லாம் வேற கத்துக்குடுத்திருக்காங்க" என்றாள். பள்ளிக்கூடத்தில் சொன்னால் போதாதா என்றேன். போதாது என்றாள். சான்றிதழ் வேண்டாம் என்று அவளே டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் அழுதாராம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஒவ்வொரு வீடாகப் போகிறோம். ஒருத்தி அதியமான்கோட்டைக்கு மாறிப் போய்விட்டாள், அங்கேயும் போனோம். ராஜி வாசலில் நின்று, "கடிச்சது தண்ணிப்பாம்புங்க. எங்கம்மா கைய எடுத்தது நான் போட்ட கட்டுங்க. நான் சொல்லிக்குடுத்தத மறந்துருங்க" என்பாள். நான் முந்தானையை விலக்கிக் காட்டுவேன். முதல் வீட்டில் காட்ட உயிரே போயிற்று. இப்போது பழகிவிட்டது. போன வாரம் மச்சானும் கூட வந்தார். வெயில் என்று தன் துண்டை எடுத்து ராஜி தலையில் போட்டார். ஐப்பசிக்குப் பிறகு அவர் அவளைத் தொட்டது அன்றைக்குத்தான். முப்பதில் இருபத்திரண்டு வீடு ஆயிற்று.

பேட்ஜைப் பிரித்துத் தரச் சொன்னாள். தைக்கத்தான் ரெண்டு கை வேண்டும், பிரிக்க ஒரு கை போதும். பல்லால் நூலை இழுத்துப் பிரித்தேன். இதோடு வைத்திருக்கிறேன். தாளும் இருக்கிறது. டீச்சரிடமிருந்து வாங்கி வந்தாள். ஐந்தாவது வரியில் உன் கையெழுத்தை ராஜி பேனாவால் அடித்திருக்கிறாள். லீவில் வந்து சரியான பாடத்தைச் சொல்லிக்கொடுத்து, சோதித்துப் பார்த்து, அப்புறம் போடுவாயாம். தப்பு செய்தால் திருப்பி அனுப்ப வேண்டுமாம். பெஞ்சைக் காட்டுக் கொட்டகைக்குத் தூக்கிப்போகச் சொல்லிவிட்டாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி போடச் சொல்கிறார் மச்சான். போட்டுப் பார்த்தேன். அந்த வார்த்தைக்கு இந்தக் கை இன்னும் பழகவில்லை.

பனியில் காதை மூடிக்கொள்.

அக்கா